பாலமாய் நின்றவர்

நுழையும்முன்

போர் என்றதும் படைக்கலங்களும் படைத்தலைவர்களும் நம் நினைவுக்கு வருகின்றனர். ஆனால், கையில் எந்தப் படைக்கலமும் இன்றி, ஒரு சிறு பெட்டியைச் சுமந்துகொண்டு, பகைவர் நிறைந்த நகரில் தனியாக நடமாடிய பெண் ஒருவரும் போர் வரலாற்றில் இடம்பெற்றுள்ளார். அவர் இசை பயின்றவர். குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். பொய் பேசத் தயங்கியவர். இந்தியக் குருதி ஓடிய அவர், ஐரோப்பிய மண்ணின் விடுதலைக்காக உயிர் ஈந்தார். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

புதுச்சேரியின் தென்புறத்தில், ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தை ஒட்டி அமைந்த ஊர் தேங்காய்த்திட்டு. மீன்பிடித் துறைமுகமும் அலையாத்திக் காடும் அவ்வூரின் அடையாளங்கள். அங்கிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே சென்றால் நகரின் கடற்கரைச் சாலையை அடையலாம். காந்தியடிகள் சிலைக்கு எதிரே, தூண்களுக்கு நடுவே தலைகுனிந்து நிற்கும் வீரனின் சிலையொன்றைக் காணலாம். முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து உயிர்துறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பப்பட்டு, 1938ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நினைவுச் சின்னம் அது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களைப் புதுவை மக்கள் இன்றும் 'சொல்தா' என்றே அழைப்பர்.

அச்சின்னம் திறக்கப்பட்ட மறு ஆண்டே இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1940ஆம் ஆண்டு சூன் திங்களில் பிரான்சு நாடு செருமனியிடம் வீழ்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில், ஆளுநர் லூயி போன்வேன் தலைமையிலிருந்த பிரெஞ்சிந்தியா, சரணடைந்த அரசை ஏற்காமல், தெகோல் தலைமையிலான விடுதலை பிரான்சின் பக்கம் நின்றது. இவ்வாறு ஐரோப்பாவில் எரிந்த தீயின் வெப்பம் வங்கக் கடலோரத்தையும் தொட்டது. அதே காலத்தில், அத்தீயின் நடுவே நின்றிருந்த இந்திய வம்சாவளிப் பெண் ஒருவரும் தாம் எப்பக்கம் நிற்பது என்னும் வினாவுக்கு விடை தேடிக்கொண்டிருந்தார். அவர்தாம் நூருன்னிசா இனாயத் கான்.

இசையில் விளைந்த குடும்பம்

நூரின் தந்தை அசரத் இனாயத் கான் பரோடாவைச் சேர்ந்தவர். வீணை இசையில் வல்லவர். சூஃபி நெறியின் ஆசான். அவருடைய தாய்வழிப் பாட்டனார் மௌலா பக்சு வடஇந்திய இசையுடன் தென்னிந்திய இசையையும் கற்றுத் தேர்ந்தவர். பரோடாவில் இசைப்பள்ளி நிறுவியவர். மௌலா பக்சின் துணைவியார் மைசூர் வேங்கை எனப் போற்றப்படும் திப்பு சுல்தானின் வழியினர். 1799ஆம் ஆண்டு திப்பு வீரமரணம் எய்தியபின் அவர்தம் மக்கள் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டதையும், 1806ஆம் ஆண்டு அங்கு வெடித்த புரட்சியையும் நாம் அறிவோம். அடிமைப்பட மறுத்த அக்கால்வழியில் வந்தவர் நூர்.

இனாயத் கான் 1910ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் பம்பாயிலிருந்து மேலைநாடுகளுக்குக் கப்பலேறினார். அமெரிக்காவில் ஓரா ரே பேக்கர் என்னும் பெண்மணியைச் சந்தித்தார். பின்னர் அவரை மணந்தார். அவ்வம்மையார் அமினா பேகம் என்னும் பெயரை ஏற்றார். இவ்விணையருக்கு 1914ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் மாசுகோ நகரில் தலைமகளாக நூர் பிறந்தார். நூர் என்னும் சொல்லுக்கு ஒளி என்பது பொருள்.

முதல் உலகப்போர்க் காலத்தில் இலண்டனில் வாழ்ந்த குடும்பம், 1920ஆம் ஆண்டு பிரான்சுக்குக் குடிபெயர்ந்தது. பாரிசை அடுத்த சுரேன் என்னும் ஊரில், அன்பர் ஒருவர் அளித்த வீட்டில் அவர்கள் குடியேறினர். இல்லத்திற்கு 'பசல் மன்சில்' எனப் பெயரிட்டனர். அருளின் இல்லம் என்பது அதன் பொருள். வழிபாடும் இசையும் விருந்தோம்பலும் அங்கு இடையறாது நிகழ்ந்தன. நூருக்குப் பின் விலாயத், இதாயத் என்னும் தம்பியர் இருவரும் கைருன்னிசா என்னும் தங்கையும் பிறந்திருந்தனர்.

1927ஆம் ஆண்டு இந்தியா வந்திருந்த தந்தை தில்லியில் காலமானார். நூருக்கு அப்போது வயது பதின்மூன்று. துயரத்தால் தாயார் தம் அறைக்குள்ளேயே ஒடுங்கிவிட்டார். தம்பியரையும் தங்கையையும் பேணும் பொறுப்பு நூரின் தோள்களில் விழுந்தது. விளையாடும் வயதில் வீட்டைச் சுமந்தவருக்கு, பிறருக்காகத் தன்னை மறக்கும் பழக்கம் இளமையிலேயே வாய்த்துவிட்டது.

கதை சொன்ன பெண்

நூர் சொர்போன் பல்கலைக்கழகத்தில் குழந்தை உளவியல் பயின்றார். புகழ்பெற்ற இசைப்பேராசிரியர் நாதியா புலான்ழேயிடம் இசை கற்றார். யாழ் போன்ற ஆர்ப்பு என்னும் நரம்புக் கருவியை மீட்டுவதில் அவருக்கு விருப்பம் மிகுதி. குழந்தைகளுக்காக அவர் எழுதிய கதைகள் பிரெஞ்சு நாளிதழில் வெளிவந்தன. பாரிசு வானொலியிலும் ஒலிபரப்பாயின.

புத்தரின் முற்பிறவிகளைக் கூறும் சாதகக் கதைகளில் இருபதைத் தேர்ந்து, அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1939ஆம் ஆண்டு இலண்டனில் வெளியாயிற்று. அந்நூலில் குரங்கரசன் கதை ஒன்று உண்டு. தன் கூட்டத்தை வில்லேந்திய மனிதர்கள் சூழ்ந்துகொண்டபோது, ஆற்றின் இரு கரைகளுக்கும் இடையே தன் உடலையே பாலமாக நீட்டுகிறான் குரங்கரசன். குரங்குகள் அனைத்தும் அவன் முதுகின்மீது ஏறித் தப்புகின்றன. பாலமாக நின்றவனோ முதுகு முறிந்து உயிர் துறக்கிறான். குழந்தைகளுக்காக இக்கதையை எழுதியபோது, நான்கே ஆண்டுகளில் தாமே அத்தகைய பாலமாக நிற்க நேரும் என்று நூர் எண்ணியிருக்க மாட்டார்.

அறவழியும் போர்க்களமும்

நூல் வெளிவந்த ஆண்டிலேயே போர் தொடங்கியது. நூரும் தங்கையும் பிரெஞ்சுச் செஞ்சிலுவைச் சங்கத்தில் செவிலியர் பயிற்சி பெற்றனர். செருமானியப் படை பாரிசை நெருங்கியபோது, நகரத்து மக்கள் இலட்சக்கணக்கில் தெற்கு நோக்கி வெளியேறினர். வண்டிகளும் மிதிவண்டிகளும் நடந்து செல்வோருமாகச் சாலைகள் திணறின. அக்கூட்டத்தில் நூரின் குடும்பமும் ஒன்று. போர்தோ நகரை அடைந்து, கப்பலேறி, 1940ஆம் ஆண்டு சூன் 22ஆம் நாள் இங்கிலாந்தின் பால்மவுத் துறைமுகத்தில் அவர்கள் கரையிறங்கினர். பிரான்சு செருமனியுடன் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டதும் அதே நாளில்தான்.

தந்தையார் ஊட்டிய நெறி கொல்லாமையை உயிராகக் கொண்டது. ஆனால், மனிதரை இனத்தால் பிரித்து அழிக்கும் கொடுங்கோன்மை ஐரோப்பா முழுவதும் பரவுகையில் வாளாவிருப்பதும் அறமாகுமா? நூரும் தம்பி விலாயத்தும் இதுகுறித்து ஆழ்ந்து உரையாடினர். பிறர் உயிரைப் பறிக்காத, ஆனால் தம் உயிரைப் பணயம் வைக்கும் பணியை ஏற்பது என்று முடிவு செய்தனர். விலாயத் கடற்படையில் கண்ணிவெடி அகற்றும் கப்பலில் பணியாற்றினார். நூர் 1940ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் மகளிர் துணை வான்படையில் சேர்ந்து, கம்பியில்லாத் தந்திப் பயிற்சி பெற்றார்.

பதவி உயர்வுக்கான நேர்காணலில் இந்திய விடுதலை பற்றி அவரிடம் வினவப்பட்டது. போர் முடியும்வரை பிரித்தானியாவுக்குத் துணைநிற்பதாகவும், அதன்பின் தேவை ஏற்பட்டால் இந்தியாவின் பக்கமே நிற்பதாகவும் அவர் ஒளிக்காமல் விடையளித்தார். தேர்வாளர்கள் எதிர்பார்த்த விடை அதுவன்று. எனினும், மனத்தில் உள்ளதை மறைத்துப் பேச அவருக்குத் தெரியவில்லை.

வாய்மையாளர் ஒற்றரானார்

பகைவர் பிடித்த நாடுகளில் மறைவாக எதிர்ப்பு இயக்கங்களை வளர்ப்பதற்குச் சிறப்பு நடவடிக்கை நிறுவனம் என்னும் மறைவு அமைப்பைப் பிரித்தானியா உருவாக்கியிருந்தது. பிரெஞ்சு மொழியைத் தாய்மொழிபோல் பேசுவோரும் கம்பியில்லாத் தந்தியில் தேர்ந்தோரும் அதற்குத் தேவைப்பட்டனர். இவ்விரண்டும் நூரிடம் அமைந்திருந்தன. பிடிபட்டால் போர்க்கைதிக்குரிய பாதுகாப்புக் கிடையாது, உயிரோடு திரும்புவது உறுதியில்லை என்பது முன்கூட்டியே அவரிடம் கூறப்பட்டது. நூர் உடனே இசைந்தார்.

பயிற்சியாளர் சிலருக்கு அவர்மீது நம்பிக்கை ஏற்படவில்லை. கனவில் ஆழ்பவர், எளிதில் அஞ்சுபவர், பொய்யுரைக்க இயலாதவர் எனக் குறிப்பெழுதினர். நம் திருக்குறள், வாய்மைக்கு ஓர் அதிகாரத்தையும் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரத்தையும் ஒதுக்கியுள்ளது. தீங்கு பயக்காத சொல்லே வாய்மை என்பது வள்ளுவர் காட்டும் இலக்கணம். எத்துன்பம் நேரினும் மறைபொருளை வெளியிடாத உறுதியே ஒற்றருக்கு அழகு என்பதும் அவர் கருத்து. பயிற்சிக் களத்தில் முன்னதை மட்டுமே நூரிடம் கண்டவர்கள், பின்னதும் அவரிடம் இருந்ததை அறியவில்லை.

1943ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் இரவு, நிலவொளியில் பறந்த சிறு வானூர்தி அவரைப் பிரான்சின் வயல்வெளியொன்றில் இறக்கிவிட்டது. பகைவர் பிடியிலிருந்த பிரான்சுக்கு அவ்வமைப்பு அனுப்பிய முதல் பெண் கம்பியில்லாத் தந்தியாளர் அவரே. மறைபெயர் மதலேன். அடையாள அட்டையில் அவர், குழந்தைகளைப் பேணும் செவிலி ழான் மரி ரெனியே. தாயாரிடம் ஆப்பிரிக்காவுக்குச் செல்வதாக மட்டுமே கூறியிருந்தார். பொய் பேசத் தயங்கியவர், தாயின் அச்சத்தைத் தணிக்கக் கூறிய பொய் அது.

பாரிசில் தனியொருவர்

நூர் சென்று சேர்ந்த ஒரு வாரத்திற்குள் பெரும் இடி விழுந்தது. அவர் இணைந்து பணியாற்ற வேண்டியிருந்த புரொசுபெர் என்னும் மறைவுக் குழுவின் தலைவர் பிரான்சிசு சட்டிலும் அவருடைய தந்தியாளரும் துணைவர்களும் அடுத்தடுத்துக் கைதாயினர். குழு சிதைந்தது. நிலைமையை அறிந்த இலண்டன் தலைமையகம், உடனே திரும்பிவிடுமாறு நூருக்குச் செய்தி அனுப்பியது.

நூர் திரும்பவில்லை. தாம் சென்றுவிட்டால், எஞ்சியிருப்போர்க்கும் இலண்டனுக்கும் இடையிலான தொடர்பு அறுந்துவிடும் என்றும், மாற்றாள் வரும்வரை இருப்பதாகவும் விடை அனுப்பினார். குரங்கரசன் பாலமாகத் தன்னை நீட்டிய கணம் இதுவே எனலாம்.

கம்பியில்லாத் தந்திக் கருவி ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கும்; எனினும் ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ளது. பல அடி நீள வான்கம்பியை மரத்திலோ சாளரத்திலோ கட்டித் தொங்கவிட்டால்தான் செய்தி அனுப்ப இயலும். அனுப்பத் தொடங்கியதும், அலை எத்திசையிலிருந்து வருகிறது எனக் கண்டறியும் கருவி பொருத்திய செருமானிய ஊர்திகள் தெருத்தெருவாக நெருங்கும். ஆகவே, செய்தியைச் சில நிமிடங்களுக்குள் முடித்து, கம்பியைச் சுருட்டி, பெட்டியுடன் வேறிடம் செல்ல வேண்டும். பாரிசில் ஒரு தந்தியாளர் பிடிபடாமல் பணியாற்றக்கூடிய காலம் ஆறு வாரங்கள் என அந்நாளில் மதிப்பிடப்பட்டது. நூர் ஏறத்தாழ நான்கு மாதங்கள் தாக்குப்பிடித்தார்.

முடியின் நிறத்தை மாற்றினார், உடையை மாற்றினார், வீடு வீடாக இடம் மாறினார். சிறுவயதில் தம்மை அறிந்த சுரேன் ஊரார் சிலர் அவருக்குத் தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டனர். பிடிபட்டால் தம் குடும்பமே அழியும் என்பதை அறிந்தே அவர்கள் அவ்வாறு செய்தனர். ஒருமுறை நிலத்தடித் தொடர்வண்டியில் செருமானிய வீரர் இருவர் அவருடைய பெட்டியைச் சுட்டி வினவினர். அது திரைப்படக் கருவி என்று கூறிய நூர், பெட்டியைச் சற்றே திறந்தும் காட்டினார். அறியாமையை ஒப்புக்கொள்ள விரும்பாத வீரர்கள் தலையசைத்து அகன்றனர் என்பர்.

எதிர்ப்பு இயக்கத்துக்கு வேண்டிய படைக்கலங்களும் பணமும் வானிலிருந்து இறங்க வேண்டிய இடங்களை அவர் அனுப்பிய செய்திகள் தெரிவித்தன. அவர் விரல் ஓய்ந்தால், அக்குழுவினரின் குரல் இலண்டனுக்கு எட்டாது என்ற நிலை இருந்தது.

தெரிந்து தெளிவோம்

பிரெஞ்சிந்தியாவின் பகுதியாக இருந்த மாகேயில் பிறந்தவர் மிச்சிலோட் மாதவன். புதுச்சேரியில் பயின்ற அவர் மேற்படிப்புக்காகப் பாரிசு சென்று, அங்கு நாசி எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். 1942ஆம் ஆண்டு கைதாகி, அவ்வாண்டு செப்டம்பர் 21ஆம் நாள் மோன் வலேரியேன் கோட்டையில் சுட்டுக்கொல்லப்பட்டார். போரின்போது எதிர்ப்பு இயக்கத்தினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட அக்கோட்டை, நூர் வளர்ந்த சுரேன் ஊரின் குன்றின்மீதே அமைந்துள்ளது.

பிடியும் பிழையும்

1943ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள் நடுவில் நூர் காட்டிக்கொடுக்கப்பட்டார். அவருக்கு வைக்கப்பட்ட விலை ஓர் இலட்சம் பிராங்கு. தாம் தங்கியிருந்த வீட்டுக்குள் நுழைந்தபோது அங்கே காத்திருந்தவரிடம் அகப்பட்டார். மென்மையானவர் எனப் பெயர்பெற்ற அப்பெண் கடித்தும் உதைத்தும் கடுமையாகப் போராடினார். பாரிசின் போஷ் பெருஞ்சாலையிலிருந்த செருமானியப் பாதுகாப்புத் துறையின் தலைமையிடத்துக்கு அவரைக் கொண்டுசென்றனர். சென்ற சிறிது நேரத்திலேயே, குளிக்க வேண்டும் எனக் கேட்டு, குளியலறைச் சாளரத்தின் வழியே கூரைக்குத் தாவினார்; பிடிபட்டார்.

பல வாரம் நிகழ்ந்த உசாவலில் அவர் தம் பணியைப் பற்றி எதுவும் கூறவில்லை. ஆயினும் ஒரு பிழை அவருக்கு எதிராக வேலை செய்தது. அனுப்பிய செய்திகளையெல்லாம் அவர் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார். தமக்கு அளிக்கப்பட்ட ஆணையைத் தவறாகப் பொருள்கொண்டதே அதற்குக் காரணம் என்பர். அக்குறிப்பேடும் கருவியும் செருமானியர் கையில் சிக்கின. அவற்றைக்கொண்டு, நூர் அனுப்புவதுபோலவே அவர்கள் இலண்டனுக்குப் பொய்ச் செய்திகளை அனுப்பினர். அங்கு எழுந்த ஐயங்கள் உரிய அளவு பொருட்படுத்தப்படவில்லை. அதன் விளைவாக, 1944ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் வான்குடையில் இறங்கிய மூவரைச் செருமானியர் நேராகப் பற்றினர். அம்மூவருள் ஒருவர் மதலேன் தமர்மான் என்னும் பிரெஞ்சுப் பெண்.

இப்பிழையை மறைத்து நூரைப் போற்ற வேண்டியதில்லை. முழுமையாகப் பயிற்சி முடியுமுன் அனுப்பப்பட்டவர் அவர். எச்சரிக்கைகளைப் புறக்கணித்தது தலைமையகம். ஒருவரின் சிறு கவனக்குறைவும் ஓர் அமைப்பின் பெரும் கவனக்குறைவும் சேர்ந்தபோது, விலையாக உயிர்கள் போயின. வீரர்களும் பிழை செய்யக்கூடிய மனிதர்களே என்பதை இது உணர்த்துகிறது.

ஒளியை அடைத்த சிறை

நவம்பர் இறுதியில், சக கைதிகள் இருவருடன் சேர்ந்து நூர் மீண்டும் தப்ப முயன்றார். சாளரக் கம்பிகளைத் தளர்த்தி மூவரும் கூரையை அடைந்தனர். அவ்வேளையில் வான்தாக்குதல் அபாயச் சங்கு ஒலித்தது. வழக்கப்படி காவலர் அறைகளைச் சோதித்தனர். கைதிகள் இல்லாதது தெரிந்துவிட்டது. இனித் தப்ப முயல்வதில்லை என உறுதிமொழி எழுதித் தருமாறு அதிகாரி கேட்டார். நூர் மறுத்தார். தப்ப முயல்வது தம் கடமை என்று அவர் கருதினார். பொய்யாகக் கையெழுத்திட்டுச் சற்று வசதியாக இருந்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை.

செருமனியின் போர்சுகைம் நகரச் சிறையில், பிறரிடமிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்டு, கைகளிலும் கால்களிலும் விலங்கிடப்பட்ட நிலையில் அவர் ஏறத்தாழ பத்து மாதங்கள் கிடந்தார். உணவுக் கலத்தின் அடியில் எழுத்துகளைக் கீறி, பக்கத்து அறைகளிலிருந்த பிரெஞ்சுப் பெண்களுக்குத் தம் இருப்பைத் தெரிவித்தார். கருவி பறிபோன பின்னும் அத்தந்தியாளர் செய்தி அனுப்புவதை நிறுத்தவில்லை. அவ்வெழுத்துகளால்தான் அவர் சிறையிலிருந்த செய்தி போருக்குப்பின் வெளியுலகுக்குத் தெரிந்தது.

1944ஆம் ஆண்டு செப்டம்பரில் அவரும் வேறு மூன்று பெண்களும் தாக்கோ வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர், நூரின் கருவி வழியாகச் சென்ற பொய்ச் செய்தியால் பிடிபட்ட மதலேன் தமர்மான். ஏனையோர் யோலாந்து பீக்மன், எலியான் பிளூமன். செப்டம்பர் 13ஆம் நாள் விடியலில் நால்வரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். நூரின் தந்தை வீணையுடன் பம்பாயை விட்டுக் கப்பலேறிய அதே செப்டம்பர் 13. மகளுக்கு அப்போது வயது முப்பது. விடுதலை எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லே அவர் இறுதியாக உரைத்தது என்று கூறுவர். பாரிசு நகரம் அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே விடுதலை பெற்றிருந்தது.

நினைவில் நிற்பவர்

போருக்குப்பின், அவரைச் சிறைப்படுத்திய பாரிசு அதிகாரியை, நூரை அனுப்பிய அமைப்பைச் சேர்ந்த வேரா அட்கின்சு அம்மையார் உசாவினார். நூரிடமிருந்து எதையும் அறிய இயலவில்லை என்று ஒப்புக்கொண்ட அவ்வதிகாரி, அவர் முடிவைக் கேட்டுக் கண்ணீர் விட்டார். பிரான்சு தன் போர்ச்சிலுவை விருதையும், பிரித்தானியா 1949ஆம் ஆண்டு சார்சு சிலுவை விருதையும் நூருக்கு வழங்கிப் பெருமை கொண்டன. இலண்டன் கோர்டன் சதுக்கத்தில் 2012ஆம் ஆண்டு அவருக்கு மார்பளவுச் சிலை திறக்கப்பட்டது. அவர் வாழ்ந்த இலண்டன் இல்லத்தில் 2020ஆம் ஆண்டு நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. சுரேன் ஊரில், பிரெஞ்சு தேசிய நாளாகிய சூலை 14 அன்று, அவர் வளர்ந்த இல்லத்தின் முன் படை இசைக்குழு நின்று அவருக்காக இசைக்கிறது.

அதே சூலை 14 அன்று, புதுச்சேரிக் கடற்கரைச் சாலை நினைவுச் சின்னத்திலும் மலர்வளையம் வைக்கப்படுகிறது. முதிய சொல்தாக்கள் பதக்கங்கள் அணிந்து அங்கு நிற்பர். இரு கடற்கரைகள், இரு மொழிகள், இரு நாடுகள், வணக்கம் ஒன்றே.

நூர் தம் வாழ்நாளில் யாரையும் கொல்லவில்லை. எந்தக் கோட்டையையும் கைப்பற்றவில்லை. பிறர் கடந்து செல்வதற்காகத் தம்மை நீட்டிக்கொண்டார், அவ்வளவே. குழந்தைகளுக்குச் சொன்ன கதையைத் தாமே வாழ்ந்து காட்டியவர் என்பதால், அவர் பெயருக்கேற்ற ஒளி இன்றும் மங்காதிருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள நினைவுச் சின்னம் ஒன்றைக் கண்டு, அதில் பொறிக்கப்பட்டுள்ள செய்திகளைத் தொகுத்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. திருக்குறளின் வாய்மை, ஒற்றாடல் ஆகிய அதிகாரங்களைப் படித்து, அவற்றை நூர் இனாயத் கானின் வாழ்வோடு பொருத்தி வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. திரும்பி வருமாறு அழைப்பு வந்தபோது நூர் எடுத்த முடிவு சரியானதா? இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.